ஏழு எழுத்தும் இரண்டு படியும்

கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயரில் தமிழ் இலக்கணக் கணக்குப்படி ஏழு எழுத்துகள்: கொ, ழி, ஞ், சா, ம், பா, றை. கணினியின் கணக்கு வேறு. யூனிகோடு முறையில் இதே பெயர் 14 குறியெண்களாகப் பதிகிறது. ககரத்துக்கு ஓர் எண், அதோடு சேரும் ஒகரக் குறிக்கு ஓர் எண், ழகரத்துக்கு ஓர் எண், அதன் இகரக் கொக்கிக்கு ஓர் எண் என்று வரிசை நீளும். இணையத்தில் பெருவழக்காக உள்ள யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டு இடம் பிடிப்பதால் ஊர்ப்பெயர் 42 பைட்டு ஆகிறது. இன்னொரு பதிவுமுறையும் உண்டு. முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்காமல், முன்னே நிற்கும் கொம்பையும் பின்னே நிற்கும் காலையும் இரண்டு எண்களாகப் பதியலாம். அப்போது குறியெண்கள் 15, பைட்டுகள் 45. திரையில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசமும் தெரியாது.

பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். அட்டவணையில் 42 பைட்டுப் பெயர் இருந்து, தேடுகிறவர் 45 பைட்டுப் பெயரைக் கொடுத்தால், அப்படி ஓர் ஊரே இல்லை என்று அது சொல்லிவிடும். யூனிகோடு தரம் இரண்டும் ஒன்றே என்று விதித்து, ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறையையும் வகுத்திருக்கிறது. அந்த விதியின் தன்மை கவனிக்கத்தக்கது. பைட்டுகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இவை ஒன்று என்பது தெரியவராது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரே எழுத்து என்பதால்தான் விதி பிறந்தது. ஒலிவடிவம் வேறு, வரிவடிவம் வேறு என்று பிரித்துப் பார்த்த இலக்கண மரபு, எழுத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை முன்பே எழுப்பியிருந்தது.

நகலுக்குத் தமிழில் 'படி' என்று பெயர். வாசிப்பதற்கும் அதே சொல். இரண்டும் ஒரே ஒலியில் வந்து நிற்பது தற்செயலாகவே இருக்கட்டும். இங்கே ஆராயப்படும் கேள்விக்கு அது பொருத்தமாக அமைந்துவிட்டது. ஒரு நூலின் படி அந்த நூல்தானா, அதைப் போன்ற வேறொன்றா? பேக்கப் எடுக்கும் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு ஒரு விடையை மனத்துக்குள் ஏற்றுக்கொண்டுதான் எடுக்கிறார்கள். பென்டிரைவில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒன்றே என்று நம்பாவிட்டால், அந்த வேலைக்கே பொருளில்லை.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், சித்தூர் வட்டத்தில் அமைந்த கொழிஞ்சாம்பாறையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் கேரளத்து எல்லைப்பகுதி இது. வீட்டுப் பேச்சும் தமிழ்வழிப் பள்ளியின் பாடமும் தமிழில் இருக்கின்றன; அரசு ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன; விசைப்பலகையில் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். கேரள அரசின் இணையச் சேவைக்கான அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது ஒருவரின் பெயர் மூன்று எழுத்துமுறைகளில் மூன்று வடிவம் எடுக்கிறது. மூன்றும் ஒரே பெயரா என்பது அந்த மேசையில் அன்றாடம் தீர்க்கப்பட வேண்டிய வழக்கு.

இந்தியத் தத்துவத்தில் இதற்கு மூன்று பழைய விடைகள் உண்டு. முதல் விடை மீமாம்சையினுடையது. சொல் நித்தியமானது, யாரும் அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை, ஒவ்வொரு உச்சரிப்பும் ஏற்கெனவே இருப்பதை வெளிப்படுத்துகிறது என்பது அவர்கள் கட்சி. ஜைமினியின் சூத்திரங்களுக்குச் சபரர் எழுதிய உரையில் இதற்கு ஓர் அழகான சான்று வருகிறது. பசுவைக் குறிக்கும் 'கோ' என்ற சொல்லை ஒருவர் எட்டு முறை சொன்னால், 'கோ என்ற சொல் எட்டுத் தடவை சொல்லப்பட்டது' என்றுதான் உலகம் பேசும். 'எட்டு கோ சொற்கள்' என்று பேசாது. கேரளத்தில் மீமாம்சை ஆழமாக வேரூன்றிய கல்வி. நாராயணீயம் இயற்றிய மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி 'மானமேயோதயம்' என்ற மீமாம்சை நூலின் அளவைப் பகுதியை எழுதினார். எஞ்சிய பகுதியை நாராயணர் என்றே பெயர் கொண்ட இன்னொருவர் எழுதி முடித்தார். இந்தக் கட்சிப்படி எட்டுக் கணினிகளில் இருக்கும் கோப்பு ஒன்றே. எட்டும் அது வெளிப்படும் இடங்கள்.

இரண்டாவது விடையைத் தரும் நியாய தரிசனம் இதை ஏற்கவில்லை. ஒலி பிறந்து மறைவது. நேற்றுக் கேட்ட ககரமும் இன்று கேட்கும் ககரமும் வேறு வேறு. 'அதே ககரம்' என்று தோன்றுவது இனம் ஒன்றாக இருப்பதால். விசுவநாதரின் பாஷாபரிச்சேதம் மருந்தை உவமை காட்டுகிறது. ஒருவர் உண்ட 'அதே மருந்தை' இன்னொருவரும் உண்டதாகச் சொல்கிறோம். ஒருவர் வயிற்றுக்குள் போன உருண்டை இன்னொருவருக்குக் கிடைக்காது என்பது தெரிந்தே அப்படிப் பேசுகிறோம். இதன்படி எட்டுக் கோப்புகள் எட்டுப் பொருள்கள்தான், ஓரினமாக இருந்தாலும்.

மூன்றாவது விடை பௌத்தம் தருவது. கிரேக்க மன்னன் மினாண்டருக்கும் நாகசேனர் என்ற துறவிக்கும் நடந்த உரையாடலாக அமைந்த 'மிலிந்தபஞ்ஹ' என்ற பாலி நூலில், எதுவும் கடந்து செல்லாமல் மறுபிறப்பு எப்படி நிகழும் என்று மன்னன் கேட்கிறான். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதை நாகசேனர் காட்டுகிறார். பின்னர், சிறுவயதில் ஆசிரியரிடம் ஒரு செய்யுள் கற்றதுண்டா என்று கேட்கிறார். உண்டு என்கிறான். அச்செய்யுள் ஆசிரியரை விட்டு நீங்கி உன்னிடம் வந்ததா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்பதுதான் விடை. கணினியில் கோப்பு 'போகிறது', 'வருகிறது', 'அனுப்பினேன்' என்று எல்லோரும் பேசினாலும் உண்மையில் எதுவும் போவதில்லை. அனுப்பியவரிடம் இருப்பது அப்படியே இருக்க, பெறுபவரின் வட்டில் அதே ஒழுங்கில் புதிய பதிவு உண்டாகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைய அந்த உரையாடல் நகலெடுத்தலின் இயல்பை இத்தனை சரியாகச் சொல்லியிருப்பது வியப்புக்குரியது.

மூன்றும் ஒரே கேள்விக்கான போட்டி விடைகளாக வளர்ந்தவை. கணினியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு தளத்தில் பொருந்துகிறது. எழுத்து வரிசை என்ற அளவில் மீமாம்சகர் பேச்சு சரி: கோப்பு ஒன்றே. அதைத் தாங்கும் உலோகமும் சிலிக்கனும் என்ற அளவில் நியாயம் சரி: ஒரு வட்டு கெட்டால் இன்னொரு வட்டு கெட வேண்டியதில்லை. பேக்கப் பயன்படுவதே இந்த வேறுபாட்டால்தான். காலத்தில் நீடித்தல் என்ற அளவில் பௌத்தர் சொல்வது சரி. எந்த ஊடகமும் நிலைப்பதில்லை. பென்டிரைவில் எழுத்து மின்னேற்றமாக நிற்கிறது. ஆண்டுகள் செல்ல அது கசியும். ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் பாகங்கள் தேயும். ஓலைக்குச் சில நூற்றாண்டு, பென்டிரைவுக்குச் சில ஆண்டு. நீடிப்பது சுடரிலிருந்து சுடராக ஏற்றப்படும் தொடர்ச்சி மட்டுமே.

படியும் மூலமும் பற்றிய தமிழ்ச் சமயத்தின் அனுபவம் நூல்களோடு நிற்கவில்லை. கோயில் திருப்பணிக்கு முன் நடக்கும் பாலாலயம் அதற்கு ஒரு சான்று. மூலவரின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, அத்திப்பலகையிலோ சித்திரத்திலோ எழுந்தருளச் செய்து, தற்காலிக இடத்தில் வைத்துப் பூசை நடத்துகிறார்கள். கருவறையில் வேலை முடிந்தபின் குடமுழுக்கில் அச்சக்தி திரும்ப மூலவருக்குச் சேர்க்கப்படுகிறது. பழுதுபார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் வேறிடத்தில் எடுத்து வைத்து, முடிந்ததும் திரும்ப நிறுவும் கணினிப் பழக்கம் இதை ஒத்திருக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. பாலாலயக் காலத்தில் கருவறையில் பூசை இல்லை; இருப்பு இடம் மாறுகிறது, இரட்டிப்பதில்லை. பேக்கப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் முழுமையாக இருக்கின்றன. இந்த இரட்டிப்புக்கு ஒப்பு பாலாலயத்தில் கிடைக்காது. கருவறையில் மூலவரும் வீதியில் உற்சவரும் ஒருசேரத் தெய்வமாக இருப்பதில்தான் கிடைக்கும்.

தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்த கதையை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் அதைச் சொல்கிறது. ஏடுகள் பூட்டிய அறையைத் திறக்க வேண்டுமானால் பாடிய மூவரும் வர வேண்டும் என்று தில்லை அந்தணர் சொன்னார்கள். முதலாம் இராசராசனாக அடையாளம் காணப்படும் அந்த மன்னன், மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாக எழுந்தருளச் செய்து கொண்டுவந்து நிறுத்தினான். உருவம் அவர்களே என்பதை மறுத்தால், கூத்தனின் திருமேனியும் கூத்தன் அல்ல என்று ஒப்ப வேண்டிவரும். அறை திறந்தது. ஏடுகளைக் காக்க வந்த அரசனுக்குக் கதவைத் திறந்து கொடுத்தது, படியும் மூலமே என்ற சமய நம்பிக்கை.

திருவரங்கத்தில் கேள்வி இன்னும் கடினமான வடிவில் வந்தது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது உற்சவர் திருமேனி கோயிலை விட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டு, பல ஊர்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1371-இல் திரும்பியது. இடையில் அவர் இடத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளப்பெற்று வழிபாடு நடந்துவந்திருந்தது. வந்தவர்தான் பழைய உற்சவரா என்பதைத் தீர்க்கக் கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர் அழைக்கப்பட்டதாகக் கோயிலொழுகு கூறும். இரு திருமேனிகளுக்கும் நீராட்டி, உடுத்திய ஈர ஆடையின் நீரைக் கொடுத்தபோது, பழைய மணத்தை அறிந்த அவர் 'இவரே நம்பெருமாள்' என்றார். இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது. இந்த வரலாற்றில் கணினிக்காரர் கற்க வேண்டியது மணம் பார்த்த பகுதியை விட அதற்குப் பிந்திய பகுதி. இடைக்காலத்தில் வழிபடப்பட்ட திருமேனி போலி என்று தள்ளப்படவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் அதே கோயிலில் இன்றுவரை வழிபடப்படுகிறார். எது முதலில் வந்தது என்பது ஒரு கேள்வி, எது மதிப்புடையது என்பது இன்னொரு கேள்வி என்று பிரித்துவிட்ட தெளிவு அது.

வண்ணாரின் மூக்கு செய்த வேலையை இன்று ஒரு கணக்கு செய்கிறது. எந்தக் கோப்பையும் உள்ளே கொடுத்தால், எஸ்எச்ஏ-256 என்ற முறை அதற்கு 256 பிட்டு கொண்ட ஒரு முத்திரையைத் தரும். வழக்கமாக அது 64 குறிகளாக எழுதப்படும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். படியும் மூலமும் ஒன்றா என்பதைத் தொலைவில் இருந்தே இதைக்கொண்டு சரிபார்க்கலாம். கொழிஞ்சாம்பாறையின் 42 பைட்டு வடிவுக்கும் 45 பைட்டு வடிவுக்கும் முத்திரை வேறு வேறாக வரும் என்பதையும் மறக்கலாகாது. இயந்திரத்தின் 'ஒன்று' வேறு, படிப்பவரின் 'ஒன்று' வேறு.

வாய்மொழியாகவே நூலைக் காத்தவர்களுக்கும் இத்தகைய சரிபார்ப்பு தேவைப்பட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரம் போன்ற இடங்களில் வழங்கிவந்த வேதக் கல்வியில் ஓதும் முறைகள் பல. ஒன்று, இரண்டு என்ற இரு சொற்களை ஜடா முறையில் ஓதினால் 1-2-2-1-1-2 என்று வரும். கன முறையில் மூன்றாம் சொல்லும் சேர்ந்து 1-2-2-1-1-2-3-3-2-1-1-2-3 என்று முன்னும் பின்னும் பின்னிச் செல்லும். ஒரு சொல் நழுவினால் பின்னல் உடனே காட்டிக்கொடுக்கும். யுனெஸ்கோ 2003-இல் வேத ஓதல் மரபை மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியமாக அறிவித்தது. தமிழ் அந்தாதி இதையே எளிமையாகச் செய்கிறது: ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம் ஆவதால், நடுவில் ஒரு பாட்டு விடுபட்டால் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும். ஆனால் ஒலி பிழையில்லாமல் நிற்பதும் பொருள் விளங்குவதும் ஒன்றல்ல. பொருள் அறியாமல் ஓதுகிறவரைச் சுமை தாங்கி நிற்கும் கட்டைக்கு ஒப்பிடும் கருத்தை யாஸ்கரின் நிருக்தம் எடுத்தாள்கிறது. வட்டும் அத்தகைய கட்டைதான்.

உலாவிக்கு வந்தால், மூலம் என்ற சொல்லே தடுமாறத் தொடங்குகிறது. வழங்கியில் இருப்பது பக்கம் அல்ல. பக்கத்தை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு. எழுத்துரு, படம், நடைவிதி, நிரல் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்து, படிப்பவரின் கருவியில் அந்த நொடியில் பக்கம் உருவாகிறது. கைப்பேசியில் ஒரு வடிவம், பள்ளிக் கணினியில் இன்னொரு வடிவம். இசையில் இது பழகிய நிலைமை. கீர்த்தனையின் சுரக்குறிப்பு தாளில் இருக்கிறது. கீர்த்தனை பாடும்போது மட்டுமே இருக்கிறது. எனவே ஒரு பக்கத்தைச் சேமித்தவர் எதைச் சேமித்தார் என்று கேட்க வேண்டும். குறிப்பை மட்டும் சேமித்தால் படங்கள் வராமல் போகலாம். திரையைப் படம் பிடித்தால் ஒரு கச்சேரி கிடைக்கும், இணைப்புகள் செத்துவிடும்.

வைய விரிவலையே தன் முதற்பக்கத்தை இழந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் தளம் அடிக்கடி மேலெழுதப்பட்டு வந்ததால், அதன் தொடக்க நிலை காப்பாற்றப்படவில்லை. 2013-இல் செர்ன் அதே முகவரியில் பழைய தளத்தை மீட்டு வைத்தபோது, வைக்க முடிந்தது 1992-ஆம் ஆண்டின் படி. அங்கே போகிறவர் முதல் தளத்தைத்தான் பார்க்கிறார் என்று சொல்வதில் தவறில்லை. திருவரங்க மாளிகையாரை வணங்குகிறவர் அரங்கனைத்தான் வணங்குகிறார் என்பதைப் போல.

பல உலாவிகளின் முகவரிப் பட்டையில் தோன்றும் பூட்டுக் குறிக்குப் பின்னாலும் ஒரு பழைய வாதம் இருக்கிறது. தளம் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது, அதற்கு மேலுள்ள அமைப்பு ஒன்று அதற்குக் கையெழுத்திட்டிருக்கிறது, அதற்கு இன்னொன்று. சங்கிலியின் தலையில் இருக்கும் வேர்ச்சான்றிதழுக்கு மேலே யாரும் இல்லை. அது தனக்குத் தானே கையெழுத்திட்டுக்கொள்கிறது. அறிவின் செல்லுபடி அதன் உள்ளேயே இருக்கிறது, பிழை வெளிப்படும்வரை நம்புவதே முறை என்று மீமாம்சகர் வாதிட்டார்கள். செல்லுபடி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று நியாயவாதிகள் மறுத்தார்கள். 'அப்படியானால் அந்த வெளிச்சான்றுக்குச் சான்று எது?' என்பது மீமாம்சகரின் எதிர்க்கேள்வி. உலாவியைச் செய்தவர்கள் கீழ்ப்படிகளில் நியாயத்தையும் உச்சியில் மீமாம்சையையும் பின்பற்றியிருக்கிறார்கள். வேர்களின் பட்டியல் உலாவியோடோ கணினியின் இயங்குதளத்தோடோ சேர்ந்தே வருகிறது. பிழை வெளிப்பட்டால் பெயர் நீக்கப்படும். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் ஊடுருவப்பட்டுப் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்ததும் உலாவிகள் அதைத் தள்ளின. பூட்டுக் குறி சொல்வது, பேச்சு யாரோடு நடக்கிறது, அதை வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டுமே. சொல்லப்படுவது உண்மை என்று அது உறுதி கூறுவதில்லை.

எல்லாப் பைட்டும் பிழையின்றி இருந்தும் நூல் இல்லாமல் போகலாம். தமிழ் இணையம் இதைத் தன் முதல் பத்தாண்டில் அனுபவித்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்களில் எழுதப்பட்டன. இவற்றில் சேராத தனி எழுத்துருக்களும் ஏராளம். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தெரியும். சேமித்த கோப்பு இருக்கும், முத்திரை சரியாக இருக்கும், படிக்க மட்டும் முடியாது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம் பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து மின்னூலாக்கியது. குறியேற்றம் மாறியபோது, செய்து வைத்ததைப் புதிய குறியேற்றத்துக்குப் பெயர்த்தது. அந்த நூல்கள் இன்று எந்தக் கைப்பேசியிலும் திறப்பதற்கு இந்த இரண்டாவது வேலையும் காரணம். தட்டச்சு செய்தவர்களைப் போற்றும் அளவு, பெயர்த்து வைத்தவர்களைத் தமிழுலகம் நினைப்பதில்லை.

மலையாளத்துக்கும் இத்தகைய ஒரு திருப்பம் நேர்ந்தது. 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பு, உயிர் சேராத மெய்யைக் குறிக்கும் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியெண் கொடுத்தது. அதற்கு முன் அவை வேறு குறிகளின் சேர்க்கையாகப் பதியப்பட்டு வந்தன. இரண்டு முறைகளிலும் எழுதியவை இன்றும் கலந்து கிடக்க, ஒரு முறையில் தேடினால் மற்றது கிடைக்காமல் போகிறது. சித்தூர்ப் பகுதியில் இருமொழிக் கோப்புகளைக் கையாளுகிறவர்களுக்கு இது உதறித் தள்ளக்கூடிய நுட்பம் அல்ல. அதே சித்தூரில், துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாகப் போற்றப்படும் குருமடத்தில் அவருடையது என்று கருதப்படும் எழுத்தாணி வைக்கப்பட்டிருக்கிறது. மலையாளம் இன்றைய எழுத்துக்கு வந்த வரலாற்றோடு அவர் பெயர் சேர்த்தே பேசப்படுகிறது. அதற்கு முன் இந்நிலத்தில் வழங்கிய வட்டெழுத்தையும் கோலெழுத்தையும் இன்று படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அந்த எழுத்தில் உள்ள ஏடு கண்முன் இருந்தாலும் பெரும்பாலோருக்கு அது உரிய எழுத்துரு இல்லாத கோப்புதான்.

இழந்ததை மீட்டபோது எவ்வளவு கிடைத்தால் போதும் என்பதற்கும் சமய மரபு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. வழக்கிழந்திருந்த ஆழ்வார் பாசுரங்களில் நாதமுனிகள் பத்துப் பாட்டு மட்டும் கேட்டுவிட்டு, ஆயிரத்துள் பத்து என்ற குறிப்பைப் பற்றிக்கொண்டு குருகூர் போய், கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, நாலாயிரத்தையும் முழுமையாகப் பெற்றார் என்பது வைணவ மரபு. பெயரும் எண்ணிக்கையும் எங்கோ பதிவாகியிருந்ததால்தான் எவ்வளவு இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. பேக்கப் வைப்பவர் கோப்புகளின் பட்டியலைத் தனியே வைக்க வேண்டியதன் காரணமும் இதுவே. தில்லையில் கிடைத்ததோ கரையான் அரித்து எஞ்சியது. மன்னன் வருந்தியபோது, இக்காலத்துக்கு வேண்டியவை எஞ்சியுள்ளன என்று அசரீரி கூறியதாகப் புராணம் சொல்கிறது. இழப்பை ஏற்கும் பெருமனம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த ஆறுதல், தேடி முடித்த பின் சொல்லப்பட்டது. கரையான் ஏறிக்கொண்டிருக்கும்போது யாரும் அப்படிச் சொல்லக் கேட்டதாகக் கதையில் இல்லை.

மேற்கண்ட அனைத்தும் ஒரு முடிவை நோக்கித் தள்ளுகின்றன. காத்தல் என்பது ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துப் பூட்டுவதில் இல்லை. திரும்பத் திரும்பச் செய்யப்படும் வினையில் இருக்கிறது. அவ்வினை எவ்வகைப்பட்டது என்பதற்கு மீமாம்சையின் கரும வகைப்பாடு நல்ல விளக்கம் தருகிறது. பயன் விரும்பிச் செய்வது காமியம். நிமித்தம் நேரும்போது செய்வது நைமித்திகம். நாள்தோறும் செய்ய வேண்டியது நித்தியம். நித்திய கருமத்தைச் செய்வதால் புதிய பயன் எதுவும் கையில் வருவதில்லை, விட்டுவிட்டால் குற்றம் சேரும் என்று பிற்கால நூல்கள் விளக்கின. பேக்கப் எடுப்பதை இதைவிடத் துல்லியமாக வகைப்படுத்த முடியாது. எடுத்த அன்று எதுவும் மாறுவதில்லை. கோப்பு கூடுவதில்லை, கணினி வேகம் பெறுவதில்லை. எடுக்காத நாள் மட்டும் ஒருநாள் தன் கணக்கைக் கேட்கும். இயங்குதளத்தை மேம்படுத்துவதற்கு முன் எடுப்பது நைமித்திகம். அதை மட்டும் செய்துவிட்டு நித்தியத்தை விட்டுவிடுவதே பெரும்பாலான இழப்புகளின் காரணம்.

எப்படிச் செய்வது என்பதற்குத் தொழில் வட்டாரத்தில் 3-2-1 என்ற விதி வழங்குகிறது. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறிடத்தில். ஒரே மேசையில் மூன்று ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு ஒரு வெள்ளம் போதும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் மே மாத இறுதி இரவில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் படி இருந்தது, ஏடுகள் பலவற்றுக்கு இல்லை. கைப்பேசிப் படங்கள் தாமே மேகக் கணக்கில் ஏறுவதைப் பலரும் பேக்கப் என்று நினைக்கிறார்கள். அது ஒத்திசைவு. ஓரிடத்தில் அழித்தால் மற்றிடத்திலும் அழியும். பிழையும் அதே விசுவாசத்தோடு நகலாகும். பழைய நிலைகளையும் தேதிவாரியாக வைத்திருப்பதே பேக்கப். அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்க்காதவரை அது இருக்கிறது என்று சொல்வதற்கும் ஆதாரமில்லை.

2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகத்தையும் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் சில கணினிகளையும் தொட்டது. அது கோப்புகளை அழிக்கவில்லை. மறையாக்கம் செய்து பூட்டி, திறவுகோலுக்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. இருக்கிறது என்பதற்கும் கிடைக்கிறது என்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடக் கொடுமையாகக் காட்ட முடியாது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கி உட்படக் கேரளம் எங்கும் எத்தனையோ குடும்பங்கள் ரேஷன் கார்டு, பட்டா, மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்தன. பின்னர் சிறப்பு அதாலத்துகள் நடத்தி அரசு அவற்றை மீண்டும் வழங்கியது. வழங்க முடிந்ததற்குக் காரணம், வீட்டில் இருந்த தாள் முதலிலிருந்தே படியாக இருந்ததுதான். மூலம் பதிவேட்டில் இருந்தது. அதே வெள்ளத்தில் போன கல்யாணப் படங்களுக்கும் இறந்தவர்களின் கையெழுத்துக்கும் எந்தப் பதிவேடும் இல்லை. எழுத்து வரிசையாக மாற்றக்கூடியதற்கே படி மூலமாகும். தாத்தா நடுங்கும் கையால் எழுதிய கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்தால் கடிதத்தின் சொல் பிழைக்கும், நடுக்கம் பிழைக்காது. அதைப் படமாக எடுத்தால் நடுக்கம் ஓரளவு பிழைக்கும். தாளின் தொடுகை போகும். எது போனால் அதுவே போனதாகும் என்பதை இழப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பது அறமா என்பது இதன் மறுபக்கம். கணினியில் அழித்தல் என்பது பெரும்பாலும் அட்டவணையிலிருந்து பெயரை எடுப்பதே; மேலெழுதப்படும்வரை பைட்டுகள் பலவேளை அங்கேயே கிடக்கும், பேக்கப்பில் இன்னும் நெடுநாள் கிடக்கும். தன்னைப் பற்றிய பழைய தகவலைத் தேடுபொறியிலிருந்து நீக்கக் கோரும் உரிமையை ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. கேரள உயர்நீதிமன்றமும் 2022 டிசம்பரில், வெளிப்படையான நீதி நடைமுறைக்கும் குடும்ப வழக்குகளில் தரப்பினரின் தனிமைக்கும் இடையில் எல்லை வகுத்தது. மறக்கப்படுவதற்கும் முறை வேண்டும் என்பதைச் சமய மரபு அறிந்திருந்தது. உடலுக்கு ஈமக்கடன் இருப்பதைப் போலச் சிதைந்த ஏட்டுக்கும் கடன் இருந்தது. ஆற்றில் விடுவார்கள், அல்லது தீயில் இடுவார்கள்.

உ.வே. சாமிநாதையர் பழைய ஏடுகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, அங்கிருந்த ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தில் ஆகுதி செய்யப்பட்டுவிட்டன, ஆகமம் அப்படிச் சொல்கிறது என்ற பதிலே கிடைத்தது. அதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதும்போது அவர் ஒரு விளக்கம் ஊகிக்கிறார். பழம்படி சிதைந்தால் முதலில் புதுப்படி எழுதிக்கொண்டு, அதன் பிறகே பழையதைத் தீயில் இடுவது வழக்கமாக இருந்திருக்கும். பின்வந்தவர்கள் எழுதுவதை மறந்து, எரிப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.